புதையல் தீவும் விடைபெறும் முறையும்

கோயில் பாழடைந்தால் கோபுரம் எஞ்சும். அரண்மனை இடிந்தால் அதன் அடித்தளமாவது மண்ணுக்குள் கிடந்து பிற்காலத்து ஆராய்ச்சியாளர் கண்ணிற் படும். சாரணர் பாசறைக்கோ அத்தகைய எச்சம் ஒன்றும் வாய்ப்பதில்லை. ஆண்டுதோறும் சிறுவர் கூட்டங்கூட்டமாக வந்து தங்கி, சமைத்து, பாடி, நீந்தி, விண்மீன்களைப் பெயர் சொல்லி அழைக்கக் கற்றுக் கண்ணயர்ந்த ஒரு நிலத்திலே, அவர்கள் தம் பாடத்தைச் செவ்வையாகக் கற்றிருப்பார்களாயின், வந்து போன சுவடே தெரியக் கூடாது என்பது அவ்வியக்கத்தின் விதி. ஆகவே, நெடுங்காலம் பழகிய பாசறை நிலத்தை விட்டுச் சாரணர் நிரந்தரமாக நீங்க நேரும்போது, மற்றப் பிரிவுகளில் இல்லாத ஒரு சங்கடம் அப்பிரிவில் நேர்கிறது. சாய்ந்து நின்று அழுவதற்கு ஒரு குட்டிச்சுவர்கூட அங்கே இல்லை. இருந்ததெல்லாம் போனவர்களுடைய நினைவிலேயே இருக்கிறது. அந்த நினைவுக்கு உருவம் கொடுப்பது எவ்வாறு, விடைபெறுவதாயின் யாரிடம் விடைபெறுவது என்னும் வினாக்களை ஆராய்வதற்கு, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் டெலவேர் ஆற்றின் நடுவே கிடக்கும் ‘டிரஷர் ஐலண்ட்’ என்னும் புதையல் தீவின் சரித்திரத்தைக் காட்டிலும் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது.

டெலவேர் நதி நியூயார்க் மாநிலத்து ஹான்காக் என்னும் ஊரருகே இரு கிளைகள் கூடுமிடத்தில் தொடங்கி, நியூ ஜெர்சிக்கும் பென்சில்வேனியாவுக்கும் எல்லைக்கோடாக இறங்கி, ஏறத்தாழ 530 கிலோமீட்டர் ஓடிக் கடலோடு கலக்கிறது. மிசிசிப்பிக்குக் கிழக்கே உள்ள நதிகளுள், முதன்மை ஓட்டத்தில் ஓர் அணைகூட இல்லாமல் இவ்வளவு நெடுந்தூரம் செல்வது இதைத் தவிர வேறொன்றில்லை. பிலடெல்பியா நகருக்கு வடக்கே, பக்ஸ் கவுன்டியின் காடடர்ந்த கரையை ஒட்டி இந்நதி பல ஆற்றிடைக்குறைகளைத் தாங்கி நிற்கிறது. காவிரி இரு கைகளாகப் பிரிந்து மீண்டும் கூடுமிடத்தில் அரங்கத்தைக் கண்டு வணங்கிய மரபிலே வந்த நமக்கு, நதி நடுவில் நிலம் காணும்போது மனம் சற்றே விசேஷமாக நெகிழ்வது இயல்பு. அவ்வகைக் குறைகளுள் ஒன்றே புதையல் தீவு. அமெரிக்கச் சாரணர் ஸ்தாபனம் 1910-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் தோன்றியது. மூன்றாண்டுகள் கழிந்து, 1913-இல் பிலடெல்பியாச் சாரணர் இத்தீவில் தங்கள் கோடைப் பாசறையை நிறுவினார்கள். நெசவாலைகளும் இயந்திரச் சாலைகளும் இரவுபகலாக இரைந்துகொண்டிருந்த அந்நகரத்துச் சிறுவனுக்குப் படகேறித்தான் அங்கே போக முடியும் என்ற ஒரு நிபந்தனையே பாதிக் கல்வியாக அமைந்தது. கரையில் நின்ற உலகம் வேறு, தீவில் தொடங்கும் உலகம் வேறு என்பதை ஒருவரும் அவனுக்கு உபதேசிக்க வேண்டியிருக்கவில்லை. இடையே ஓடிய நீரே அதைச் சொல்லிற்று.

இத்தீவு புகழ்பெற்றது 1915-ஆம் ஆண்டுக் கோடையில். அவ்வாண்டு பாசறைக்குத் தலைமை வகித்தவர் உர்னர் குட்மன். அவருக்குத் துணைவர் காரல் எட்சன். இருவரும் இருபத்தைந்து வயதை எட்டாத இளைஞர்கள். சிறந்த சாரணனைப் பாராட்ட வேண்டும். ஆயின் பாராட்டுப் பரிசாகிவிட்டால் போட்டி பிறக்கும், போட்டி பிறந்தால் பிறர்க்குத் தொண்டு செய்யும் மனம் தன் பெருமை தேடும் மனமாகத் திரிந்துவிடும் என்பது அவர்களுக்கு எழுந்த பிரச்சினை. அதற்கு அவர்கள் கண்ட பரிகாரம் நுட்பமானது. தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தலைவர்களிடத்தில் வைக்காமல், பாசறையில் உடன் வாழ்ந்த சிறுவர்களிடத்திலேயே விட்டார்கள். இதற்கென அவர்கள் புதிதாகத் தொடங்கிய சங்கத்தில் தாம் சேராதவர்களும், சேர வாய்ப்பில்லாதவர்களும் கூடத் தங்களுள் யார் முகம் சுளிக்காமல் பிறர் சுமையைத் தூக்கினான் என்று சொல்லலாம். 1915 ஜூலை 16, வெள்ளிக்கிழமை இரவு முதற்சடங்கு தீவின் மரங்களுக்கிடையே நெருப்பு வெளிச்சத்தில் நடந்தது. அம்பின் பெயரால் ‘ஆர்டர் ஆஃப் தி ஆரோ’ என்று வழங்கும் சங்கம் அவ்வாறு பிறந்தது.

அச்சங்கத்திற் புகுவோன் மேற்கொள்ளும் விரதத்தைச் சற்று அருகில் நின்று காண்பது தகும். மாலையில் அவன் பேச்சை நிறுத்திவிடுகிறான். இருட்டிய பிறகு தோழர் கண்ணுக்குப் புலப்படாத ஓரிடத்தில், கூடாரமின்றி, ஒரு போர்வையோடு தனியே வானத்தின் கீழ்ப் படுக்கிறான். மறுநாள் விடிந்ததும் சொற்ப உணவு. அதன் பின் மாலை வரை உடலுழைப்பு. பாதை சீர்திருத்துவது, விறகு அடுக்குவது, கல் சுமப்பது ஆகிய எல்லாம் வாய் திறவாமலே. கேலி செய்ய வாய்ப்பிருந்தும் செய்யாமல், முணுமுணுக்கக் காரணமிருந்தும் முணுமுணுக்காமல் ஒருநாள் முழுதும் பிறர்க்கென உழைத்தவனுக்கே மாலையில் அம்பு பொறித்த வெள்ளைக் கச்சை தோளில் ஏறுகிறது. கச்சைக்கு உரியவன் பட்டம் பெற்றவனாகக் கருதப்படுவதில்லை. மேலும் தொண்டு செய்யக் கடமைப்பட்டவனாகவே கருதப்படுகிறான். இச்சங்கம் 1934-இல் சாரணர் ஸ்தாபனத்தின் அங்கீகாரம் பெற்று, 1948-இல் அதன் நிரந்தர அங்கமாகியது. நூற்றாண்டு நிறைந்த 2015-இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக வளாகத்தில் ஏறத்தாழ 15,000 பேர் கூடி அவ்விழாவைக் கொண்டாடினார்கள். ஆயின் அவ்விழா நடந்த காலத்தில், அதற்கெல்லாம் பிறப்பிடமான தீவிலே கோடைப் பாசறை நின்றுபோய் ஏழாண்டுகள் ஆகியிருந்தன.

நின்றுபோனதற்குக் காரணம் நதியே. ஆற்றோரத்து மரத்தின் வாழ்வு நிச்சயமற்றது என்று நம் நீதி நூலோர் எச்சரித்ததற்கு, ஆற்றின் நடுவே நிற்கும் தீவு மேலும் ஒரு படி இலக்கானது. 1955 ஆகஸ்டு மாதத்தில் கானி, டயேன் என்னும் இரண்டு புயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து டெலவேரைப் பெருக்கெடுக்கச் செய்தபோது, ஆற்றுத் தீவுகளில் முகாமிட்டிருந்த சிறுவர் ஹெலிகாப்டர்களில் ஏற்றி மீட்கப்பட்டனர். அப்பேரழிவைக் கண்ட அரசினர், நதியின் மேற்பகுதியில் டாக்ஸ் தீவு என்னுமிடத்தில் பெரியதோர் அணை கட்டுவதற்கு 1962-இல் அனுமதி அளித்தனர். அணைக்கென்று பள்ளத்தாக்கிலே குடியிருந்த ஆயிரக்கணக்கானோர் தம் வீடு நிலங்களை இழந்து வெளியேறினார்கள், வீடுகள் இடிக்கப்பட்டன, ஆயின் அணை மட்டும் எழவே இல்லை. செலவும், இயற்கைச் சேதமும், மக்களின் எதிர்ப்பும் சேர்ந்து, 1975-இல் நதிப்படுகை ஆணையம் அத்திட்டத்திற்கு எதிராக வாக்களித்தது. நதி சுதந்திரமாகவே ஓடட்டும் என்று அன்று செய்யப்பட்ட தீர்மானத்தை இயற்கையன்பர் இன்றும் போற்றுகின்றனர், போற்றத் தக்கதே. ஆனால் சுதந்திரமான நதி பெருகவும் சுதந்திரமுடையது என்பதை அந்தப் பாராட்டுடன் சேர்த்தே நினைக்க வேண்டும்.

2004 செப்டம்பர், 2005 ஏப்ரல், 2006 ஜூன் என இரண்டாண்டுகளுக்குட்பட்ட காலத்தில் மூன்று பெருவெள்ளங்கள் வந்தன. நதியின் தலைப்பகுதியில் நியூயார்க் நகரத்துக் குடிநீருக்காக அமைந்த நீர்த்தேக்கங்களை நிரம்பி வழியும்வரை வைத்திருந்ததே காரணம் என்று கரையோர மக்கள் வாதாடினார்கள். மழையே அளவு கடந்தது என்று மற்றவர்கள் மறுத்தார்கள். வாதம் எவ்வாறாயினும் தீவின் நிலைமை ஒன்றுதான். வெள்ளம் வடிந்த ஒவ்வொரு முறையும் சமையற்கூடத்திலே முழங்கால் ஆழச் சேறு. படகுத்துறையின் பலகைகள் எந்த ஊர்க் கரையில் ஒதுங்கினவோ தெரியாது. குடிநீர், மின்சாரம், கழிவுநீர் ஆகிய எல்லாம் மறுபடி முதலிலிருந்து. கரைநிலத்துப் பாசறையிலே லாரியில் ஏற்றி இறக்கிச் செய்து முடிக்கும் வேலையை, இங்கே ஒவ்வொரு மரச்சட்டத்தையும் படகில் ஏற்றிச் செய்ய வேண்டும். 1996-இல் இரண்டு மாவட்ட அமைப்புகள் இணைந்து உருவான ‘கிரேடில் ஆஃப் லிபர்டி’ சாரணர் மன்றத்தின் கையில் அப்போது தீவு இருந்தது. 2008-ஆம் ஆண்டுக் கோடையே கடைசிக் கோடையாயிற்று; பின்னர்த் தீவு விற்பனைக்கும் வந்தது. அங்கே இளமையைக் கழித்தவர்கள் அடைந்த துயரம் அளவற்றது. அதைக் குறைத்துப் பேசுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒரு சங்கத்தின் ஜன்மபூமியே கைநழுவிப் போவதென்பது இலேசான இழப்பன்று.

எனினும், இந்த நிலத்தை விட்டுக் கண்ணீரோடு வெளியேறியவர்களுள் சாரணர் முதல்வரல்லர். டெலவேர்ப் பள்ளத்தாக்கு முழுவதும் லெனாப்பே என்னும் பழங்குடியினரின் தாயகம். குட்மனும் எட்சனும் தம் சடங்கை அமைத்தபோது, அக்குடியினரின் கதைகளிலிருந்தும், பெனிமோர் கூப்பர் எழுதிய நாவல் வழியாகப் பரவிய கற்பனைகளிலிருந்துமே உருவகங்களை எடுத்துக்கொண்டார்கள். தீவிலே தோன்றிய முதற்கிளைக்கு ‘உனாமி’ என்று லெனாப்பே மக்களின் ஒரு பிரிவின் பெயரே இடப்பட்டது. ஆனால் அச்சடங்கு நடந்த காலத்தில் அம்மக்களுள் பெரும்பாலோர் அப்பள்ளத்தாக்கில் இல்லை. அவர்கள் இல்லாமற்போன விருத்தாந்தம் வருமாறு:

பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென், பழங்குடியினரோடு நேர்மையாக நடந்துகொண்டவர் என்னும் நற்பெயர் பெற்றவர். அவர் மறைந்தபின் அவருடைய புதல்வர், 1686-இல் எழுதப்பட்டதென்று ஒரு பழைய பத்திரத்தைக் காட்டி, ஒரு மனிதன் ஒன்றரை நாளில் நடந்து செல்லும் தூரமளவுள்ள நிலம் தமக்குச் சேரும் என்றார்கள். வழியில் தங்கி உண்டு மெல்ல நடக்கும் நடை என்றே லெனாப்பே தலைவர்கள் எண்ணி இசைந்தனர். பென் குடும்பத்தாரோ முன்னதாகவே காட்டில் வழி வெட்டுவித்து, வேகத்திற் சிறந்த மூவரைக் கூலிக்கு அமர்த்தி, 1737 செப்டம்பர் 19 அன்று ரைட்ஸ்டவுன் என்னுமிடத்திலிருந்து ஏவினார்கள். இருவர் வழியிலேயே களைத்து விழ, எட்வர்ட் மார்ஷல் என்பவன் மட்டும் 60 மைலுக்கு மேற்பட்ட தூரத்தை எட்டிவிட்டான். அதைக்கொண்டு சுமார் 12 லட்சம் ஏக்கர் கைமாறியது. அந்த மார்ஷல் பிற்காலத்தில் குடியிருந்ததும் டெலவேரின் ஆற்றிடைக்குறை ஒன்றிலேதான். அவன் பெயரையே தாங்கிய அக்குறையும் புதையல் தீவு கிடக்கும் ஆற்றுப்பகுதியையே சார்ந்தது. லெனாப்பே மக்களோ மேற்கே ஒஹாயோவுக்கும், அங்கிருந்து மேலும் மேற்கே ஓக்லஹோமா வரையிலும், வடக்கே கனடாவின் ஒன்டேரியோவுக்கும் துரத்தப்பட்டுச் சிதறினர். 2004-ஆம் ஆண்டு, டெலவேரில் முதல் வெள்ளம் வந்த அதே ஆண்டிலே, ஓக்லஹோமாவில் வாழும் அவர்களுடைய சந்ததியார் பென்சில்வேனியாவில் முந்நூற்றுச் சொச்சம் ஏக்கர் நிலத்துக்காக வழக்குத் தொடுத்தார்கள்; மூன்றாம் வெள்ளம் வந்த 2006-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை விசாரிக்க மறுத்துவிட்டது.

1737-இல் நிகழ்ந்த வஞ்சகத்துக்கு 1915-இன் சிறுவர் எவ்விதத்திற் பொறுப்பாவர் என்று கேட்கலாம். பொறுப்பாகார், எவரும் அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. அவர்கள் நிலமிழந்த குடியினரைப் போற்றினார்கள் என்பதும் மெய்யே. ஆயின் போற்றியவர்கள், போற்றப்பட்டவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று வினவவில்லை. இல்லாதவரின் வேடம் தரித்து நடத்திய சடங்குகள் தகுமா என்ற விவாதம் அச்சங்கத்துக்குள்ளேயே அண்மைக் காலத்தில் வலுத்திருக்கிறது. வீட்டுக்குரியவர் பெயரைக் கதவில் எழுதி வைத்துவிட்டு, அவர் போன இடத்தை விசாரிக்காமல் குடியிருந்தது போன்ற நிலை அது.

சாரணியத்தின் தொடக்கத்தை நோக்கினால் இச்சிக்கலுக்குரிய வழி அங்கேயே வகுக்கப்பட்டிருப்பது விளங்கும். 1907 ஆகஸ்டிலே, அவ்வியக்கத்தை நிறுவிய பேடன் பவல் ஏறத்தாழ இருபது சிறுவரை அழைத்துச் சென்று நடத்திய முதற்பாசறையும் ஒரு தீவிலேதான். இங்கிலாந்தின் பூல் துறைமுகத்திலுள்ள பிரவுன்சீ அது. அத்தீவு பேடன் பவலுக்குச் சொந்தமில்லை. சார்லஸ் வான் ரால்ட் என்பவருடையது. ஆகச் சாரணியம் பிறந்ததே பிறருடைய நிலத்தில், விருந்தாளியாக. 1927-இல் அத்தீவை மேரி போனம்-கிறிஸ்டி என்னும் மூதாட்டி விலைக்கு வாங்கினார். 1934-இல் பெருந்தீ மூண்டு தீவின் பெரும்பகுதியை எரித்தபின், அவர் அதை வெளியார்க்கு அடைத்துவிட்டார். 1961-இல் அவர் மறையும்வரை தீவு காடாகவே வளர்ந்தது. உலகெங்கும் கோடிக்கணக்கானோர் சாரணராகச் சேர்ந்துகொண்டிருந்த காலத்தில், அவ்வியக்கத்தின் தொட்டில் பூட்டிக் கிடந்தது. 1962-இல் ‘நேஷனல் டிரஸ்ட்’ அறநிறுவனத்தின் பொறுப்பில் வந்து, அடுத்த ஆண்டு பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட பிறகே சாரணர் மீண்டும் அங்கே முகாமிட முடிந்தது. இதிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படும். பிறப்பிடம் அடைபட்டாலும் இயக்கம் வாடிவிடுவதில்லை என்பது ஒன்று. இடம் காக்கப்படுமாயின், போனவர்க்கில்லாவிட்டாலும் அவர்தம் பேரர்க்கு அது திரும்பக் கிடைக்கக்கூடும் என்பது மற்றொன்று.

பாசறையை விட்டு நீங்குவோர் அவ்விடத்தில் எதையும் விட்டுச் செல்லலாகாது, நிலத்துக்குரியவர்க்கு நன்றியை மட்டும் விட்டுச் செல்ல வேண்டும் என்பது பேடன் பவலின் கட்டளை. இதன் முற்பகுதியைச் சாரணர் கைத்திறனாகவே பயில்கின்றனர். அடுப்பு மூட்டுமுன் புல்வேரோடு மண்ணைச் சதுரம் சதுரமாக வெட்டியெடுத்து நிழலில் அடுக்கி, அவ்வப்போது நீர் தெளித்து வாடாமல் காக்கிறார்கள். புறப்படும் நாளில் சாம்பலை முழுதும் நனைத்து, கையை வைத்துச் சூடு இல்லையென்று உறுதி செய்து அகற்றியபின், புற்கட்டிகளை அந்தந்த இடத்தில் பொருத்தி, விளிம்புகளை மிதித்து அழுத்தி, மீண்டும் நீர் விடுகிறார்கள். மழை ஒன்று பெய்தால் அடுப்பு இருந்த இடம் தெரியாது. இவ்வளவு நுணுக்கமாகப் பயின்ற கட்டளையின் பிற்பகுதி மட்டும், புறப்படும் வேளையில் கைகுலுக்கிச் சொல்லும் ஓர் உபசார வார்த்தையாகச் சுருங்கிவிட்டது. நன்றி சொல்லுமுன் யாருக்கு என்று தெரிந்திருக்க வேண்டும். புதையல் தீவைப் பொறுத்தவரை அந்த ‘யார்’ ஒருவரல்லர்: நிலத்தை முதலில் பேணி, வஞ்சகத்தால் இழந்த லெனாப்பேயர்; அணை எழாமல் நதியை ஓடவிட்டவர்; அணைக்கென வீடிழந்தும் அணையைக் காணாத பள்ளத்தாக்கு மக்கள்; இவர்கள் எல்லோருக்கும் தீவு கடன்பட்டிருக்கிறது. நதி தீவை மீட்டுக்கொண்டதை அநியாயம் என்று சொல்வதற்கில்லை, தந்ததும் அதுவே.

இத்தகைய பிரிவுகள் இனிப் பெருகும். அமெரிக்கச் சாரணர் ஸ்தாபனம், சிறுவர்கள் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகத் தொடரப்பட்ட நூற்றுக்கணக்கான வழக்குகளின் சுமையால் 2020 பிப்ரவரியில் திவால் மனுச் செய்தது. பாதிக்கப்பட்டோர்க்கான நிதி 246 கோடி டாலரென வகுக்கப்பட்டது. அதில் தம் பங்கைச் செலுத்த மாவட்ட மன்றங்கள் பல தம் பாசறை நிலங்களை விற்றன. பாசறையின் மீதுள்ள பற்றைக் காரணம் காட்டி இந்தக் கடனை எவரும் தட்டிக் கழிக்க முடியாது; தீங்கிழைக்கப்பட்ட சிறுவர்க்கு முன் மரங்களும் ஏரியும் பிற்பட்டனவே. இங்கிலாந்திலும் ‘கேர்ள்கைடிங்’ ஸ்தாபனம் 1922 முதல் தன் வசமிருந்த ஃபாக்ஸ்லீஸ் உள்ளிட்ட ஐந்து பயிற்சி மையங்களை விற்பதென்று 2023-இல் முடிவு செய்தது. விற்பதை நிறுத்த முடியாவிடினும், யாருக்கு விற்பது என்பதில் இன்னமும் தர்மம் செய்ய இடமுண்டு. கனெக்டிகட் மாநிலத்துக் கில்லிங்வர்த் ஊரில் 250 ஏக்கருக்கு மேற்பட்ட டியர் லேக் பாசறை விற்பனைக்கு வந்தபோது, அவ்விடத்தின் அபிமானிகள் பொருள் திரட்டித் தாமே வாங்கினார்கள். நிலம் மனைகளாகத் துண்டாடப்படாமல் தப்பியது.

ஆதலின், பழகிய பாசறையைப் பிரிவோர் செய்ய வேண்டுவன மூன்று. தாம் அங்கே கற்றதைத் தம்முடன் எடுத்துச் செல்லுதல் முதலாவது. புதையல் தீவின் சங்கம் அதைச் செய்து காட்டிவிட்டது. நிலத்தைக் காக்கக்கூடிய கைகளில் ஒப்படைத்தல் இரண்டாவது. அது பொருளையும் முயற்சியையும் பொறுத்தது, எப்போதும் கைகூடுவதன்று. தமக்கு முன் அந்நிலத்தில் வாழ்ந்து வெளியேறியவர்களைப் பெயர் சொல்லி நினைத்தல் மூன்றாவது. இதற்குப் பொருளும் வேண்டா, எவருடைய அனுமதியும் வேண்டா, ஆயினும் பெரும்பாலும் விடுபட்டுப் போவது இதுவே. விடைபெறும் விழாக்களுக்கு மலர் வெளியிடுவோர் முதற்பக்கங்களில் புரவலர் பட்டியலையும் முன்னாள் தலைவர்களின் படங்களையும் அச்சிடுவது வழக்கம். அவற்றுக்கு முன்னர் ஒரு பக்கத்தை ஒதுக்கி, இந்நிலம் எவருடையது, அவர்கள் எவ்வாறு இதை இழந்தார்கள், அவர்தம் சந்ததியார் இன்று எங்கே வாழ்கிறார்கள் என்பதை ஆண்டும் பெயரும் பிழையாமல் எழுதி வைப்பார்களாயின், பேடன் பவல் விதித்த நன்றிக் கடனில் ஒரு பகுதியாவது முறையாகச் செலுத்தப்பட்டதாகும்.